மெத்தில் ஆரஞ்சு காட்டாத நிறம்

வேதியியல் பட்டப்படிப்பின் மூன்றாம் பருவத்தில் ஒரு செய்முறைத் தேர்வில் தவறினேன். எழுத்துத் தாள்களில் குறை இல்லை. சலவைச் சோடாவும் ஆப்பசோடாவும் கலந்த கரைசல் ஒன்றைக் கொடுத்து, இது எவ்வளவு, அது எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். கரைக்கும்போது போட்ட மொத்த எடையைவிட நான் கண்டுபிடித்த சோடா அதிகம். அதை ஆய்வக வகுப்பு எடுக்கும் மேடம் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த பருவத் தேர்வோடு சேர்த்து மறுபடியும் செய்ய வேண்டும். அப்போதும் தவறினால் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியாது.

அந்தச் சமயத்தில் நான் மைசூரில் தனியாக இருந்தேன். அப்பா கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி. எனக்குப் பத்து வயதானபோது தர்மபுரிப் பக்கத்திலிருந்து எங்களை இங்கே கூட்டிவந்தார். ஹெப்பாளைத் தாண்டி அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் வேலை. ஐந்தாவது வரை தமிழில் படித்தவன் ஆறாவதில் கன்னடப் பள்ளியில் போய் உட்கார்ந்தேன். கல்லூரிக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம். இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது இங்கே வேலை முடிந்துவிட்டது. கான்ட்ராக்டர் ஹாசனில் புதுக் கட்டடம் எடுத்தார். அப்பாவும் அம்மாவும் அவரோடு போனார்கள். என் படிப்புக்காக மைசூர் அறையை விடாமல் வைத்திருந்தார்கள்.

ஒற்றை அறை, ஷீட் கூரை. ஜன்னலைத் திறந்தால் அப்பா பலகை அடித்த கட்டடம் தெரியும். அதில் ஆட்கள் குடிவந்து, பால்கனிகளில் துணி காயத் தொடங்கியிருந்தது. காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அவை போனபிறகு தெரு அமைதியாகிவிடும். பக்கத்து அறைகளில் இருந்த குடும்பங்களும் வேலை முடிந்து ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. புதிதாக வந்தவர்கள் பீகார்ப் பக்கத்து ஆட்கள். பார்த்தால் சிரிப்போம். பேசுவதற்கு எங்களுக்குள் மொழி இல்லை.

வேதியியலை எடுத்ததற்கு அப்பாதான் காரணம். நஞ்சன்கூடு பக்கம் மருந்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு மேல்தளம் போடப் போயிருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறார். "நிழல்ல நின்னு செய்யற வேலைடா அது" என்றார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

தரம்பார்த்தல், அதாவது டைட்ரேஷன் என்கிற வேலை பார்ப்பதற்கு எளிது. கீழே திருகு வைத்த நீளமான கண்ணாடிக் குழாய்தான் பியூரெட். அதில் அமிலம் இருக்கும். அடியில் வெள்ளை ஓட்டின்மேல் கூம்புக் குடுவை. அதில் காரக் கரைசலும் இரண்டு சொட்டுச் சாயமும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்ற வேண்டும். சாயம் நிறம் மாறும் சொட்டில் நிறுத்தி, எவ்வளவு அமிலம் செலவானது என்று படித்து எழுத வேண்டும். மீதி எல்லாம் கணக்கு. என் கணக்கு எப்போதும் சரியாக இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் இருவருக்கு ஒரு மேசை. என் ஜோடி மண்டியாவிலிருந்து வந்தவன். ஒருவன் திருகைப் பிடிக்க, இன்னொருவன் குடுவையைப் பார்த்து "நில்சு" என்பான். கன்னடத்தில் நிறுத்து என்று அர்த்தம். எந்த மேசையிலிருந்து யார் சொன்னாலும் அந்தச் சொல் ஆய்வகம் முழுக்கக் கேட்கும். யாருக்கு முதலில் வருகிறது என்பதில் ஒரு போட்டி இருந்தது. எங்கள் மேசையில் எப்போதும் அவன்தான் சொல்வான். நான் திருகைப் பிடித்துக்கொள்வேன். எப்படி அப்படி அமைந்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒருமுறை அவன் வகுப்புக்கு வர நேரமாகிவிட்டது. நானே தொடங்கியிருந்தேன். சாயம் மெத்தில் ஆரஞ்சு. காரத்தில் மஞ்சளாக இருக்கும், அமிலத்தில் சிவக்கும், இரண்டுக்கும் நடுவே ஆரஞ்சில் நிறுத்த வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அவன் பையைக்கூட இறக்கி வைக்காமல் குடுவையைப் பார்த்தான்.

"மகா, இது என்ன, ஸ்ட்ராபெர்ரி ஜூஸா?"

மகா என்றால் மகனே. மண்டியாப் பையன்கள் தோழனை அப்படித்தான் அழைப்பார்கள்.

"இன்னும் வரல" என்றேன்.

"வந்துட்டுப் போயே போச்சு. நீ தூங்கிட்டிருந்தியா? கொட்டிட்டு மறுபடி போடு."

கொட்டிவிட்டு மறுபடியும் போட்டேன். அவன் நில்சு என்றான், நிறுத்தினேன். குனிந்து குடுவையைப் பார்த்தேன். சொட்டு விழுவதற்கு முன்னால் இருந்த மஞ்சள்தான் அப்போதும் இருந்தது. கொஞ்சம் மங்கியதுபோல் தோன்றியது. குழாய் விளக்கின் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வில் ஒரு மேசைக்கு ஒருவர். என்ன ஆயிற்று என்று மேலே சொல்லிவிட்டேன்.

முடிவு தெரிந்த வாரத்தில் அறையில் உட்கார்ந்து போனில் நிறப்பார்வைச் சோதனை ஒன்றைத் திறந்தேன். வட்டத்துக்குள் புள்ளிகள், புள்ளிகளுக்குள் எண். முதல் வட்டத்தில் எண் தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரிகிற வட்டம், சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது என்று கீழே எழுதியிருந்தது. அடுத்த வட்டங்களில் புள்ளிகள் மட்டும் இருந்தன. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். சிவப்பு பச்சை வேறுபாடு காண்பதில் குறை என்று முடிவு வந்தது. பவர்பேங்கில் ஒரு விளக்கு உண்டு. சார்ஜ் ஏறும்போது சிவப்பு, நிறைந்ததும் பச்சை என்று பெட்டியில் போட்டிருக்கும். எனக்கு அது எப்போதும் ஒரே விளக்கு. அது பழுது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

மாலையில் அம்மா கூப்பிட்டபோது சொன்னேன். அவளுக்குப் பின்னால் கலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது.

"உன் மாமனுக்கும் அப்படித்தான்" என்றாள். அம்மாவின் தம்பியைச் சொன்னாள்.

"எந்த மாமா? ரயில்வே வேலை கிடைக்காதவரா?"

"பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டான். மெடிக்கல்ல தள்ளிட்டாங்க. சிவப்பு பச்சை தெரியாதவனுக்கு எப்படி வேலை தருவாங்க?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லி? அதுக்கு மருந்தா மாத்திரையா? அவனுக்குப் பொண்ணு பார்க்கப் போன எடத்துல எல்லாம் கண்ணுல என்னமோ கோளாறாமேன்னு கேட்டாங்க. நல்லாப் படிக்கறான், ஊசியில நூல் கோக்கறான், என்ன கோளாறு?" குரலைத் தாழ்த்தினாள். "காலேஜ்ல சொல்லிக்கிட்டுத் திரியாத. சேர்த்துக்கிட்டவங்களே வெளிய போன்னு சொல்லிட்டா?"

"அப்பாகிட்ட?"

"அவர்கிட்டயும் இப்ப வேணாம்."

சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. ஆய்வகத்தில் மண்டியாக்காரன் நில்சு சொல்வதும் நான் நிறுத்துவதும் தொடர்ந்தன. நான் அவன் கண்களைக் கடன் வாங்குகிறேன் என்பது அவனுக்குத் தெரியாது. நிறத்தைச் சொல்லும் போன் செயலி ஒன்றை இறக்கினேன். அறையில் தக்காளியிடமும் போர்வையிடமும் அது சரியாக வேலை செய்தது. ஆனால் தேர்வுக்கூட வாசலில் போன்களை வாங்கி ஒரு வாளியில் போட்டுவிடுவார்கள்.

தோற்றவர்கள் வகுப்பு முடிந்தபிறகு ஆய்வகத்தில் பழகிக்கொள்ளலாம் என்று மேடம் அனுமதி தந்திருந்தார். எங்கள் பிரிவில் தோற்றவன் நான் ஒருவன்தான். ஜன்னலோரம் ஒரு மூலை மேசையில் பி.எச். மீட்டர் இருந்தது. கரைசலில் முனையை நனைத்தால் அது எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று எண்ணாகக் காட்டும். இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் அதற்கு வேலை இல்லாததால் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தது. பயன்படுத்தலாமா என்று கேட்டேன். முனையைக் காயவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

சாயம் எதுவும் போடாமல், சோடாக் கரைசலில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எண்ணைப் படித்து எழுதினேன். ஆய்வகத்தில் யாரும் இல்லை. குழாயில் ஒரு வாஷர் போய் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எண் பத்துக்கு மேலே தொடங்கி மெல்லக் குறைந்தது. எட்டுக்குச் சற்று மேலே ஒரு சரிவு வந்தது. பிறகு நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. ஆறையொட்டி நகர்ந்துகொண்டிருந்த எண் திடீரென்று நான்கைத் தாண்டி விழுந்தது. அறைக்கு வந்து வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். இரண்டு படிகள் உள்ள ஒரு கோடு வந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் பாடம் புரியத் தொடங்கியது. பள்ளியில் படித்தது வேறு. அமிலம் என்பது ஒரு வகைப் பொருள், காரம் இன்னொரு வகைப் பொருள் என்பதே என் மனதில் இருந்தது. அமிலம் நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தரும், காரம் ஹைட்ராக்சைடு அயனியைத் தரும். ஆப்பசோடாவில் தருவதற்கு ஹைட்ராக்சைடே இல்லையே, அது எப்படிக் காரம் என்று பத்தாவதில் கேட்டதற்கு, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, எழுது என்றார்கள். எழுதினேன்.

கல்லூரிப் புத்தகம் இன்னொரு விளக்கம் சொன்னது. தருவது அமிலம், பெறுவது காரம். தரப்படுவது ஒரே ஒரு புரோட்டான். இதை மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் எந்தப் பொருளும் தனியாக இருக்கும்போது அமிலமாக இருக்க முடியாது என்பதைக் கவனிக்கவில்லை. வாங்கிக்கொள்ள எதிரே ஒன்று வேண்டும். தண்ணீர் சிலவற்றிடம் வாங்குகிறது, சிலவற்றுக்குத் தருகிறது. காரத்துக்குக் கன்னடப் பள்ளிப் புத்தகத்தில் இருந்த சொல் பிரத்யாம்லம். அமிலத்துக்கு எதிரே நிற்பது. அந்தச் சொல்லை ஐந்து வருடம் எழுதியும் அது சொல்வதைக் கேட்டதில்லை.

என் கோட்டின் முதல் படியில் சலவைச் சோடா ஒரு புரோட்டானை வாங்கி ஆப்பசோடாவாகிறது. இரண்டாவது படியில் அதுவும், ஏற்கெனவே கரைசலில் இருந்த ஆப்பசோடாவும் இன்னொன்றை வாங்கிக் குமிழாகப் போகின்றன. நடுவில் நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை என்று நான் நினைத்த இடத்தில்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் வாங்கப்பட்டதால்தான் எண் நகரவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த இரண்டு படிகளும் சாயம் இல்லாமலே வந்தன. என் குடுவையில் நிறம் மாறவில்லை, யாரும் நில்சு சொல்லவில்லை. வினை அதன் இடத்தில் முடிந்தது. புத்தகத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன: வினை உண்மையில் முடிகிற இடம், முடிந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிகிற இடம். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றாக இருக்கும்படி சாயத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றிருந்தது. சாயமும் ஒரு வலிமை குறைந்த அமிலம்தான். கைவசம் புரோட்டான் இருக்கும்போது ஒரு நிறம், கொடுத்த பிறகு இன்னொரு நிறம். எட்டுக்குப் பக்கத்தில் கொடுப்பது ஒரு சாயம், நான்குக்குப் பக்கத்தில் கொடுப்பது இன்னொன்று. மெத்தில் ஆரஞ்சு அங்கே இருப்பதற்குக் காரணம் அது நான்குக்குப் பக்கத்தில் மாறுவதுதான். அதன் சிவப்பு அல்ல.

இதைச் சொல்ல ஆள் இல்லை. அம்மா கூப்பிட்டபோது, இன்னிக்கு ஒன்னு புரிஞ்சுதும்மா என்றேன். நல்லதுப்பா என்றாள். ஹாசனில் மழை, வேலை நின்றுவிட்டது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டுக்குப் போவேன். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. மார்க்கெட்டுக்குள் நடந்தால் காதில் பேச்சு விழும், அதற்காகப் போனேன். ஒரு சந்து முழுக்கக் குங்குமமும் வண்ணப் பொடியும். தட்டுகளில் கூம்பு கூம்பாகக் குவித்து நுனியைக் கலையாமல் வைத்திருப்பார்கள். அதுவரை அந்த வழியை வேகமாகக் கடந்துவிடுவேன். அன்று ஒரு கடை முன்னால் நின்றேன்.

"என்ன கொடுக்கட்டும்?" என்று கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார்.

பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு குவியல்களைக் காட்டி, இவை இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். என் கன்னடத்தைக் கேட்டதும் அவர் தமிழுக்கு மாறிவிட்டார்.

"ஏன் தம்பி, காலங்காத்தால நான்தான் கெடைச்சனா? ஒன்னு பச்சை, ஒன்னு காவி."

"இது?"

"அது சிவப்பு. அந்தாண்ட இருக்கறது அரக்கு. பாக்கறதுக்குக் காசு இல்ல, நல்லாப் பாத்துக்க. வாங்கறதுக்கு மட்டும்தான் காசு."

நன்றாகப் பார்த்தேன். பச்சையும் காவியும் எனக்கு ஒரே மண். சிவப்பும் அரக்கும் கொஞ்சம் இருண்ட மண். அந்த வரிசையில் இரண்டு குவியல்கள் மட்டும் தனித்தனியாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் நின்றன. மஞ்சள். நீலம். சந்தின் கடைசிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்தும் தெரிந்தன.

அறைக்குத் திரும்பி, புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த சாயங்களின் அட்டவணையை எடுத்தேன். நான்குக்குப் பக்கத்தில் மாறுபவற்றைத் தேடினேன். மெத்தில் ஆரஞ்சுக்கு அடுத்த வரியிலேயே இருந்தது. புரோமோபீனால் புளூ. காரத்தில் நீலம், அமிலத்தில் மஞ்சள். மாறும் எல்லை ஏறக்குறைய அதேதான்.

எங்கள் ஆய்வக அலமாரியில் அது இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறை. அங்கே அந்தச் சாயத்துக்கு வேறு வேலை. மின்சாரம் பாய்ச்சிய கூழ் வழியே மரபணுத் துண்டுகளை ஓடவிடும்போது, எவ்வளவு தூரம் ஓடியிருக்கின்றன என்று கண்ணுக்குக் காட்ட இதைக் கலந்து விடுவார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருவரிடம் கொஞ்சம் கேட்டேன்.

"எதற்கு?"

"டைட்ரேஷனுக்கு அக்கா."

"ஏன், உங்களிடம் மெத்தில் ஆரஞ்சு தீர்ந்துவிட்டதா?"

"இல்லை."

நான் மேலும் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நான் குப்பியை நீட்டினேன். விரல் நுனியளவு பொடியைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். அன்று மாலை ஆளில்லாத ஆய்வகத்தில் செய்துபார்த்தேன். குடுவை நீலமாக இருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் மஞ்சள் தோன்றி, சுழற்றினால் மறைந்தது. பிறகு மறைய நேரமெடுத்தது. பிறகு ஒரு சொட்டில் நீலம் போய்விட்டது. என் கண்ணால் நானே பார்த்து நிறுத்திய முதல் தரம்பார்த்தல் அது. மீட்டரின் முனையைக் குடுவையில் நனைத்தேன். நான்கு என்றது. குடுவையைக் கொட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.

தேர்வாளராக வெளிக்கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. எனக்கு வந்த சீட்டில் அதே சோடாக் கலவை. முதல் பாதியில், எட்டுக்குப் பக்கத்தில் மாறும் சாயத்தின் இளஞ்சிவப்பு மறைவதைப் பார்க்க வேண்டும். நிறமாகத் தெரியாவிட்டாலும், வெள்ளை ஓட்டின்மேல் குடுவை வெளுப்பதைப் பார்த்துச் சமாளிக்கலாம். அதற்குப் பழகியிருந்தேன். இரண்டாம் பாதிக்கு மெத்தில் ஆரஞ்சைப் பயன்படுத்து என்று சீட்டிலேயே அச்சிட்டிருந்தது. நான் பையிலிருந்து குப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் வந்து நின்றார்.

"என்னப்பா இது?"

சொன்னேன். மாறும் எல்லை ஒன்றுதான், விடை மாறாது என்றேன்.

"அது எனக்கும் தெரியும். மெத்தில் ஆரஞ்சு கையருகிலேயே இருக்கும்போது இது எதற்கு?"

காரணம் எதையாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இந்த மாற்றம் கூர்மையாக இருக்கும், பழகியது இதில்தான் என்று. மேடம் இரண்டு மேசை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மண்டியாக்காரன் தன் நான்காம் பருவத் தேர்வோடு எனக்குப் பின்வரிசையில். ஆய்வகத்தில் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

"மெத்தில் ஆரஞ்சு மாறுவது எனக்குத் தெரியாது சார்."

"தெரியாது என்றால்? பாடம் தெரியாதா?"

"கண்ணுக்குத் தெரியாது சார். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க வராது."

அவர் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்து, ஒன்றில் அமிலமும் ஒன்றில் காரமும் ஊற்றி, மெத்தில் ஆரஞ்சு விட்டு என் முகத்துக்கு எதிரே பிடித்தார். எது எது என்று கேட்டார். இரண்டும் மஞ்சள்போலத்தான் தெரிகிறது, இடப்பக்கத்தில் இருப்பது கொஞ்சம் அழுக்கு என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"இதை வைத்துக்கொண்டா கெமிஸ்ட்ரி எடுத்தாய்?"

"எடுத்த பிறகுதான் சார் தெரிந்தது."

அவர் குழாய்களைத் தாங்கியில் திரும்ப வைத்தார். என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அம்மா சொன்னது அதுதான்.

"நிறம் மாறுவதால் வினை முடிகிறதா, வினை முடிவதால் நிறம் மாறுகிறதா?" என்று கேட்டார்.

"இரண்டும் இல்லை சார். சாயம் அதன் எல்லையில் மாறும். வினை அதன் இடத்தில் முடியும். இரண்டும் பக்கத்தில் வரும்படி நாம்தான் சாயத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்."

மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு மேடத்தைக் கூப்பிட்டார். அதே கரைசலை எனக்குப் பக்கத்து மேசையில் மெத்தில் ஆரஞ்சு போட்டு மேடம் செய்யட்டும், இவன் நீலத்தில் செய்யட்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார். மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பியூரெட்டை நிரப்பினார். மாணவனுக்குப் பக்கத்தில் நின்று அவர் தேர்வு எழுதுவதுபோல் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கும் பிடித்திருக்காது.

குடுவையை வெள்ளை ஓட்டின்மேல் வைத்துத் திருகைத் திறந்தேன். கண் தெளிவாக இருந்தது. நீலம் போன சொட்டில் நிறுத்தினேன். மேடம் எனக்கு முன்பே முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேர்வாளர் குனிந்து இரண்டு பியூரெட்டுகளையும் படித்தார். வித்தியாசம் ஒரு சொட்டு. எது சரியான சொட்டு என்று அவர் சொல்லவில்லை. என் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

தேறினேன். மூன்றாம் ஆண்டுக்குப் போவது அந்த மேசையிலேயே முடிவாகிவிட்டது.

வெளியே படிக்கட்டில் மண்டியாக்காரன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் போவதற்குள் மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தச் சட்டை என்ன நிறம், அந்த மரம் உனக்கு என்ன நிறத்தில் தெரியும், சிக்னலில் எப்படி நிற்பாய். பதில் சொன்னேன். அடுத்த நாளும் வேறு மூன்று பேருக்குச் சொன்னேன். நிறப்பார்வைக் குறையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படும் எவரும் கேட்கும் கேள்விகள் இவைதான் என்பதைப் பிற்காலத்தில் செய்தித்தாள் வேலைக்குப் போன இடத்திலும் கண்டேன். அங்கே அச்சுக்குப் போகும் வண்ணப் பக்கத்தை எனக்குப் பதிலாக இன்னொருவர் சரிபார்க்கிறார்.

மண்டியாக்காரன் எந்த நிறத்தையும் கேட்கவில்லை.

"இத்தனை நாள் நான் நில்சு நில்சுன்னு கத்திட்டிருந்தேனே, அதெல்லாம் உனக்காகவா?"

"ஆமாம்."

"நான் என்னவோ எனக்குத்தான் கண்ணு கூர்மைன்னு நினைச்சுட்டிருந்தேன் மகா." சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "சொல்லியிருக்கலாம்ல? நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

யோசித்தான். "கொஞ்சம் முன்னாடியே கத்தியிருப்பேன்" என்றான். எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டு, மண்டியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.

அம்மாவிடம் சொன்னேன். "எல்லார் முன்னாடியுமா சொன்னே?" என்று மட்டும் கேட்டாள். அப்பா போனை வாங்கினார். அவருக்கு அன்றுதான் தெரிந்தது. "நிழல்ல நின்னு செய்யற வேலைக்கு நிறம் எதுக்குடா?" என்றார்.

மூன்றாம் ஆண்டின் முதல் செய்முறை வகுப்பில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். யோசித்துப் பார்த்ததாகச் சொன்னார். என் வசதிக்காக ஜன்னலோர மூலை மேசையை எனக்கே ஒதுக்கியிருந்தார். மீட்டரின் உறையைக் கழற்றி, முனைக்குப் புதுக் கரைசல் ஊற்றி, அலமாரியில் என் பெயர் ஒட்டிய புரோமோபீனால் புளூ குப்பியும் வாங்கி வைத்திருந்தார். அவருடைய சொந்த முயற்சி அது. நன்றி சொன்னேன். மண்டியாக்காரனுக்கு வேறு ஜோடி போட்டாகிவிட்டது. அவன் தன் மேசையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினான். நானும் காட்டினேன்.

அந்த மேசைக்கு ஒரு நாற்காலி போதும் என்பதால் ஒன்றுதான் போட்டிருந்தார்கள். மற்ற மேசைகள் கூச்சலாக இருந்தன. யாரோ குடுவையை உடைத்தார்கள், யாரோ யாருடைய அளவையோ பார்த்து எழுதிப் பிடிபட்டார்கள். நான் முனையைக் கழுவி, கரைசலில் நனைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருந்து, எழுதி, அடுத்த சொட்டு விட்டேன். அந்த ஆண்டு முழுக்க என் அளவுகளில் பிழை வரவில்லை. மேடம் ஒவ்வொரு மேசையாக வந்து பார்த்துவிட்டு, என் மேசையைத் தூரத்திலிருந்தே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்.